தூக்காத கை

புதன், இரவு.

பள்ளியில் நடக்கும் கவுன்சிலிங்கால் பலன் உண்டா என்று பார்க்க இன்று ஓர் அதிகாரி வந்தார். "பலன் கிடைச்சவங்க கை தூக்குங்க" என்றார். எங்கள் வகுப்பு சார் காலையிலேயே ஒத்திகை பார்த்திருந்ததால் வகுப்பே தூக்கியது. நான் இரண்டு கையையும் தூக்கி, "இப்பல்லாம் பேயே என்னைப் பாத்துப் பயப்படுது சார்!" என்றேன். அதிகாரியே சிரித்துவிட்டார்.

பக்கத்தில் இசக்கி மட்டும் தூக்கவில்லை. உண்மையிலேயே வாராவாரம் கவுன்சிலிங் போகிறவன் அவன் ஒருவன்தான்.

"ஏலே, தூக்குல. கவுன்சிலிங் மிஸ்ஸுக்கு வேலை போயிரும்."

"எனக்கு இன்னும் சரியாவலையே மக்கா."

விளையாட்டாக அவன் கையைப் பிடித்து நானே தூக்கிவிட்டேன். எல்லாருக்கும் பலன் என்று எழுதிக்கொண்டு அதிகாரி போய்விட்டார்.

சாயங்காலத்திலிருந்து இசக்கி போனை எடுக்கவில்லை. அவன் தெருவில் தறிச் சத்தத்தில் கேட்டிருக்காது என்று படுத்துவிட்டேன். இப்போது ஊரெல்லாம் கரண்ட் போய், தறிகள் நின்றுவிட்டன. இப்போதும் எடுக்கவில்லை.

சைக்கிள் சாவியை எங்கே வைத்தேன்?