கதையின் கீழ் மகளின் பெயரை எழுதியது நான்

அனுப்புநர்:
திருமதி குணவதி ஸ்ரீஸ்கந்தராசா,
டோர்செட் பார்க், ஸ்காபரோ,
ரொறன்ரோ.

பெறுநர்:
குறைகேள் அதிகாரி அவர்கள்,
பல்கலைக்கழகக் குறைகேள் அலுவலகம்,
ரொறன்ரோ.

பொருள்: என் மகள் கலாநிதி அட்சயா ஸ்ரீஸ்கந்தராசா மீதான விசாரணையில் பிழை என்னுடையது எனப் பதிவு செய்யவும், கரோலின் அம்மையாரை நேரில் கண்டு மன்னிப்புக் கேட்க அனுமதி வழங்கவும் கோருதல்.

மதிப்புக்குரிய அதிகாரி அவர்களே,

எந்த மொழியிலும் எழுதலாம், மொழிபெயர்ப்பு எங்கள் பொறுப்பு என்று தங்கள் அலுவலக அறிவித்தலில் இருப்பதால் தமிழில் எழுதுகிறேன். ஆங்கிலம் வாசிப்பேன், எழுதினால் பிழை வரும். ஒரு பிழையால் வந்த வழக்கு இது, இன்னொன்று சேர வேண்டாம். இந்த மனு எழுதுவது மகளுக்குத் தெரியாது. தெரிந்தால் விடமாட்டாள்.

1. மகளுக்கு வயது முப்பத்துநான்கு. பூர்வகுடி மக்களின் இலக்கியத்தையும், அதைப் பள்ளிக்கூடங்களில் எப்படிக் கற்பிக்க வேண்டும் என்பதையும், ஆசிரியர்களாக வரப்போகிறவர்களுக்குப் படிப்பிக்கிறாள். பதினொரு வருடம் இதற்காகப் படித்தாள். ஆறு வருடமாகத் தங்கள் பல்கலைக்கழகத்தில் தற்காலிக விரிவுரையாளர். நாலு மாதத்துக்கு ஒரு கடதாசி வரும். கையெழுத்து வைத்தால் அடுத்த நாலு மாதம். கோயிலில் மகள் என்ன டொக்டர் என்று கேட்பார்கள். சொன்னால், "காய்ச்சலுக்கு ஒரு குளிசை எழுதத் தெரியாத டொக்டரோ? உந்தப் படிப்பு எங்கட பிள்ளையளுக்கு என்னத்துக்கு?" என்று சிரிப்பார்கள். ஒருநாள் நானும் அதையே அவளிடம் கேட்டுவிட்டேன். "அம்மா, ஆரின்ர நிலத்தில வீடெடுத்து இருக்கிறம் எண்டு தெரியாமலே இருக்கச் சொல்லுறியளோ?" என்றாள். 

2. இந்த வருடம் அந்தத் துறையில் ஒரு நிரந்தரப் பதவி வந்தது. அதற்குப் பூர்வகுடி ஒருவர்தான் வரவேண்டும் என்று மகள் முதலில் விண்ணப்பிக்க மறுத்தாள். அவளோடு சேர்ந்து பாடத்திட்டம் எழுதிய கரோலின் அம்மையார்தான், வந்திருப்பவர்களில் தன் சனத்தோடு இருந்து வேலை செய்தவள் இவள் ஒருத்தி என்று சொல்லி விண்ணப்பிக்க வைத்தார். தெரிவுக்குழு இந்த மாதம் 28ஆம் திகதி கூடுகிறது.

3. நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். மிச்சத்தை நானே படித்தேன். கொரோனா காலத்தில் மகள் எங்கள் சாப்பாட்டு மேசையில் இருந்து கொம்பியூட்டரில் வகுப்பு எடுத்தாள். கமெராவில் படாமல் அடுப்படியில் மரக்கறி வெட்டிக்கொண்டு மூன்று தவணைப் பாடமும் கேட்டேன். எங்கள் வீட்டில் ஒரு கொப்பி உண்டு. யார் வந்தார், எத்தனை மணிக்குப் போனார், என்ன விரதம், என்ன சமையல் என்று இருபத்தாறு வருடமாக எழுதி வருகிறேன். அந்தப் பாடங்களையும் அதில்தான் எழுதினேன். கீழே தரும் திகதிகள் எல்லாம் அதிலிருந்து எடுத்தவை; மாதப் பெயர் தமிழில் இருந்தாலும் கணக்கு இங்கிலிஷ் நாட்காட்டிதான், மாசி என்றால் பெப்ரவரி, ஆடி என்றால் ஜூலை.

4. கரோலின் அம்மையார் அனிஷினாபே என்ற பூர்வகுடி மக்களைச் சேர்ந்தவர். வடக்கே நாலரை மணித்தியாலக் கார் ஓட்டத்தில் உள்ள ஊரில், பள்ளிக்கூடத்தில் அவர்களின் மொழியைப் படிப்பிக்கிறார். 2025 மாசி 2ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தார். கதை கேட்பதானால் புகையிலை கொடுத்துக் கேட்பது அவர்கள் முறை. மகள் சிறு துணியில் முடிந்து வைத்திருந்தாள். வெறுங்கையால் கொடுப்பது எனக்கு மனம் ஒப்பவில்லை. வெற்றிலைத் தட்டத்தை எடுத்து அதில் வைத்து நீட்டினேன். அவர் சிரித்துவிட்டு, முடிச்சைத் தட்டத்தோடேயே மடியில் வைத்துக்கொண்டார். வெளியே பனி ஜன்னல் விளிம்புவரை ஏறிக் கிடந்தது. கதை சொன்னார். முடிவில், நிலத்தில் பனி கிடக்கும்போது மட்டும் சொல்லுகிற கதை இது, பனி கரைந்தபின் வாயெடுக்கக் கூடாது என்று மகளுக்குச் சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பி எனக்கும் சொன்னார். ஓம், சொல்லமாட்டேன் என்றேன். கதையை மறுநாள் காலை கொப்பியில் எழுதினேன். அந்த ஓமையும் எழுதினேன்.

5. ஆனி மாதம் எங்கள் கோயில் திருவிழா மலர் அச்சுக்குப் போக இருந்தது. மலர்க்குழுச் சண்முகநாதன் அண்ணை ரெலிபோன் எடுத்து, "தங்கச்சி, ஒரு பக்கம் வெறுமையாக் கிடக்கு. மகளிட்டை என்னெண்டாலும் வாங்கித் தா" என்றார். மகள் மாநாட்டுக்காக வன்கூவர் போயிருந்தாள். நான் கொப்பியைத் திறந்து கரோலின் அம்மையாரின் கதையைத் தமிழில் எழுதிக் கொடுத்தேன். அந்தக் கட்டுப்பாடு வாயால் சொல்வதற்குத்தான், அச்சுக்கு வாயில்லை என்று நினைத்தேன். நினைத்தது பிழை. கார்த்திகை கழிய வரும் விநாயக விரதத்தில் இருபத்தொரு நாளுக்கு மட்டுமே எங்கள் கோயிலில் ஏடு திறந்து கதை படிப்பார்கள். அதை வெயில் காலத்தில் ஒருவர் பொழுதுபோக்காக எடுத்து வாசித்தால் முதலில் முகம் சுளிப்பவள் நான். எங்கள் முறை தெரிந்தவளுக்கு அவர்களின் முறை விளங்காமல் போனது.

6. அதைவிடப் பெரிய பிழை பெயர். எழுதியது நான். கீழே போட்டது "கலாநிதி அட்சயா ஸ்ரீஸ்கந்தராசா" என்று. பெருமைக்காக என்று விசாரிப்பவர்கள் நினைக்கலாம். கொஞ்சம் அதுவும் இருந்தது. ஆனால் கோயிலில் நான் எதைச் செய்தாலும், அர்ச்சனை என்றாலும் அன்னதானம் என்றாலும், மகளின் பெயருக்கும் நட்சத்திரத்துக்கும்தான் செய்வேன். என் பெயருக்கு என்று இதுவரை ஒரு தேங்காய் உடைத்ததில்லை. அந்தக் கை வழக்கத்தில் இதையும் அவள் பெயருக்கே கொடுத்தேன். ஆடி 13ஆம் திகதி, தேரன்று, எண்ணூறு பிரதி சனத்தின் கைக்குப் போனது. மலரை இணையத்திலும் ஏற்றினார்கள்.

7. மகளிடம் படிக்கும் தமிழ் மாணவி ஒருவரின் வீட்டுக்கும் மலர் போயிருக்கிறது. வகுப்பில் பனிக்காலக் கதைகளைப் பற்றி மகள் சொன்னதைக் கேட்ட பிள்ளை, ஆசிரியையே வெயில் காலத்தில் அச்சில் போட்டிருக்கிறாரே என்று முறையிட்டது. அந்தப் பிள்ளையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. பாடத்தைக் கவனித்துப் படித்திருக்கிறது. புரட்டாதி 9ஆம் திகதி துறைத்தலைவர் லெஸ்லி அவர்களிடமிருந்து கடிதம் வந்தது. வகுப்புகள் நிறுத்தப்பட்டன, மின்னஞ்சல் பூட்டப்பட்டது. விசாரணையில் மகள் சொன்னது மூன்று வசனம்: கதை சொல்லப்பட்டது என் வீட்டில். பெயர் என்னுடையது. பொறுப்பு நான். வேறு எதுவும் சொல்லவில்லை. நான் போய்ச் சொல்கிறேன் என்று அழுதேன். "அம்மா, நீங்கள் உதுக்குள்ள வராதேங்கோ. தாய்தான் செய்தவா எண்டு சொல்லித் தப்பினால், நான் கரோலின்ர முகத்தில எப்பிடி முழிக்கிறது?" என்றாள்.

8. நான் வாயைத் திறந்தால், கேட்ட கதையைக் காக்கத் தெரியாதவள் என்ற பெயர் மகளுக்கு வரும். திறக்காவிட்டால், கதையைத் திருடி விற்றவள் என்ற பெயர் வரும். இரண்டு மாதம் இதற்குள்ளேயே நின்றேன். மகள் ஒரு நாளைக்கு இரண்டு தரம் சப்பாத்துப் போட்டு, லிஃப்ற்றில் கீழே இறங்கி, வாசல் கண்ணாடிவரை போய், வெளியே போகாமல் திரும்பி வருகிறாள். ஒன்பது பத்துக்குப் போனாள், ஒன்பது பதினாறுக்கு வந்தாள் என்று கொப்பியில் எழுதுகிறேன். வேறு என்ன செய்வது என்று தெரியாமல்தான் அதை எழுதுகிறேன்.

9. இப்போது முறைப்பாட்டுக்கு வருகிறேன். லெஸ்லி அவர்களின் முதல் கடிதம், விசாரணை முடியும்வரை மகளோ அவள் சார்பில் வேறு எவருமோ கரோலின் அம்மையாரைத் தொடர்புகொள்ளக் கூடாது என்கிறது. ஐப்பசி 21ஆம் திகதிய இரண்டாவது கடிதம், கரோலின் அம்மையார் எழுத்தில் வாக்குமூலம் தராதபடியால் விசாரணையை முடிக்க முடியவில்லை, விசாரணை முடியாதவரின் விண்ணப்பத்தைத் தெரிவுக்குழு எடுக்காது என்கிறது. அவர் ஏன் தரவில்லை என்பதும் அதே கடிதத்தில் இருக்கிறது. பிழை செய்தவர் தன் வாசலுக்கு வந்து பேசட்டும், கடதாசியோடு தான் பேசுவதில்லை என்று ரெலிபோனில் சொன்னாராம். நாங்கள் போகாமல் அவர் பேசமாட்டார். அவர் பேசாமல் விசாரணை முடியாது. விசாரணை முடியாமல் நாங்கள் போக முடியாது. இந்தப் பூட்டைப் போட்டது எவரும் கெட்ட எண்ணத்தால் அல்ல என்று நம்புகிறேன். ஆனால் திறப்புச் சாவி உள்ளே இருக்க வெளியே கதவைச் சாத்தினதுபோல் இருக்கிறது. 28ஆம் திகதிக்கு இன்னும் பதினாறு நாள்.

10. பூர்வகுடி மக்களுக்கு முன்பு இழைத்த அநீதியைச் சரிசெய்வதற்குத்தான் இப்படிப்பட்ட விதிகள் வந்தன என்பதை மகளின் பாடத்தில் கேட்டிருக்கிறேன். அந்த விதியே கரோலின் அம்மையாரின் முறையை வாசலில் நிறுத்தி வைத்திருக்கிறது. அவர் கேட்டது ஒன்றே ஒன்று: ஆள் நேரில் வரவேண்டும்.

ஆகவே நான் கேட்பவை:

மலரில் கதையை எழுதியதும் மகளின் பெயரைப் போட்டதும் நான் என்பதைக் கோப்பில் பதியுங்கள். கரோலின் அம்மையாரிடம் நேரில் போக எனக்கு அனுமதி தாருங்கள். மகளை விடமுடியாது என்றால் என்னை மட்டுமாவது விடுங்கள். பஸ் எங்கே மாறுவது என்று விசாரித்து வைத்திருக்கிறேன். அவர் பேசும்வரை தெரிவுக்குழு மகளின் விண்ணப்பத்தைத் தள்ளாதிருக்கச் சொல்லுங்கள். கேட்டபின் அவர் மன்னிக்காவிட்டால் அது அவரின் உரிமை. அதற்கு மேல் தங்களிடம் எந்த மனுவும் போடமாட்டேன். அவரின் தீர்ப்பை வைத்து மகளின் வேலையைத் தீர்மானியுங்கள், என் பிழையை வைத்து வேண்டாம்.

இணைப்பு பற்றி ஒரு வார்த்தை. சான்றாக மலரின் முழுப் பக்கத்தையும் கதையின் மொழிபெயர்ப்பையும் வைக்கும்படி தங்கள் படிவம் சொல்கிறது. மலரின் அட்டையும், மகளின் பெயர் உள்ள கடைசி வரியும், என் கொப்பியின் மாசி 2ஆம் திகதிப் பக்கமும் வைத்திருக்கிறேன். கதையின் மேல் வெள்ளைத் தாள் ஒட்டியிருக்கிறேன். கடந்த ஞாயிற்றுக்கிழமை இந்த வருடத்தின் முதல் பனி விழுந்துவிட்டது, இப்போது சொன்னால் குற்றமில்லை என்று தாங்கள் கேட்கலாம். தங்கள் கோப்பு வெயில் காலத்திலும் திறக்கப்படும். தயவுசெய்து தாளை உரிக்க வேண்டாம்.

புகையிலை வாங்கி வெற்றிலைத் தட்டத்தில் வைத்தாயிற்று. சுவாமி அறை மேசையில் இருக்கிறது. தங்கள் பதில் வருகிற அன்றே எடுத்துக்கொண்டு புறப்படுவேன்.

இங்ஙனம்,
தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,

(ஒப்பம்) குணவதி ஸ்ரீஸ்கந்தராசா

இடம்: ஸ்காபரோ, ரொறன்ரோ
திகதி: 12.11.2025, புதன்கிழமை, மு.ப. 10.40