இடப்பக்கம் சாய்ந்த பின்னல்

மார்ச் 4, செவ்வாய்

இன்று நாலு கால் பின்னல். இருபத்தைந்து நிமிடம் பிடித்தது. ஜன்னலோர நாற்காலியில் இவர் மோவாயைத் தூக்கிக்கொண்டு உட்கார, எதிரே முக்காலி போட்டு நான். முதலில் பெரிய பல் சீப்பு, பிறகு இரண்டு சொட்டு எண்ணெய், பிறகு சின்னப் பல் சீப்பு. சிக்கை நுனியிலிருந்துதான் எடுக்க வேண்டும். மேலிருந்து இழுத்தால் ஊரைக் கூட்டிவிடுவார். பதினான்கு வருடத் தாடி, தொப்புளைத் தொடுகிறது. பின்னாமல் விட்டால் சாப்பாட்டுத் தட்டில் விழும், சட்டைப் பொத்தானில் மாட்டும், பஸ் கதவில்கூட ஒருமுறை மாட்டியது.

போன அக்டோபரில் பஸ் படியில் வழுக்கி விழுந்து இவருக்கு வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்தது. கட்டுப் பிரித்த பிறகும் விரல் மடங்கவில்லை. ஒற்றைக் கையால் தாடியைச் சீவலாம், பின்ன முடியாது. அன்றிலிருந்து அது என் பொறுப்பு. சொந்தத் தலையை வாரச் சோம்பல்பட்டு கிராப்பு வெட்டிக்கொண்டவள் நான்!

எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் உண்மை. பத்தொன்பது வருடக் கல்யாணத்தில் இந்த ஐந்து மாதம்போல நாங்கள் பேசிக்கொண்டதில்லை. மூக்குக்கும் மூக்குக்கும் ஒரு சாண் இடைவெளியில் எத்தனை நேரம்தான் உம்மென்று இருப்பது?

மதியம் மேலாளர் கூப்பிட்டார். கடைக்கு வெளியூரில் புதுக் கிளை திறக்கிறார்களாம், ரயிலில் ஐந்து மணி நேரம். “பட்டறைப் பொறுப்பு உங்களுக்குத்தான். திங்கட்கிழமைக்குள்ள பதில் சொல்லிடுங்க.” பதினேழு வருடமாகக் கடையின் பின்கட்டில் மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் தேய்க்கிறேன். இந்த வார்த்தைக்குத்தான் காத்திருந்தேன். கால் தரையில் நிற்கவில்லை.

மார்ச் 6, வியாழன்

பின்னும்போது சொன்னேன். இவர் மோவாயை இறக்கவில்லை, கூரையைப் பார்த்தபடியே, “போயேன். நல்ல வாய்ப்பு. நான் எப்படியாவது சமாளிச்சுக்கறேன்” என்றார். பிறகு சட்டைப் பொத்தானை இடது கையால் போட முயன்றார். மூன்று முறை நழுவியது. நான்தான் போட்டுவிட்டேன்.

இவர் நகர நூலகத்தில் புத்தகம் கொடுக்கும் மேசையில் இருக்கிறார். மாற்றல் கிடைக்காது. கைக்குப் பயிற்சி கொடுக்கும் இடத்திலும் ஜனவரியோடு “இதுக்கு மேல ஒண்ணும் செய்யறதுக்கில்லை” என்று அனுப்பிவிட்டார்களாம். இந்த மனிதரை இந்தக் கையோடு தனியே விட்டுவிட்டு நான் எப்படிப் போவேன்?

மார்ச் 10, திங்கள்

முடியாது என்று சொல்லிவிட்டேன். மேலாளர் “ஒருதடவைக்கு ரெண்டுதடவை யோசிச்சீங்களா?” என்றார். யோசித்தேன் என்றேன்.

காலையில் பின்னும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. கையில் மூன்று பிரி முடி, துடைக்கவும் வழியில்லை. இவர்தான் துடைத்துவிட்டார், இடது கையால். “எல்லாம் என்னாலதான்” என்றார். பாவமாகப் போய்விட்டது. அவர் என்ன வேண்டுமென்றா கையை முறித்துக்கொண்டார் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

மார்ச் 11, செவ்வாய்

பொறுப்பை ஃப்ரேம் மாட்டுகிறவருக்குக் கொடுத்துவிட்டார்கள். இனிப்பு கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

மார்ச் 20, வியாழன்

ஒரு விஷயம். எழுதினால் அசட்டுத்தனமாகத் தெரியும்.

மாலையில் இவர் வீட்டுக்கு வந்தபோது தாடியில் இருந்தது என் பின்னல் இல்லை. அதே மூன்று கால், அதே கறுப்பு ரப்பர். ஆனால் நான் ஓரப் பிரியை நடுப்பிரிக்கு மேலே போடுகிறவள். இது கீழே போட்டுப் பின்னியது, முதுகு புடைத்து நிற்கிறது. அதோடு இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது. நான் எதிரே உட்கார்ந்து பின்னுவதால் நடுவில் நேராகத் தொங்கும். லென்ஸின் நடு அரை மில்லிமீட்டர் தள்ளினால் போட்டவருக்குத் தலைவலி. அதையே நாள் முழுக்கப் பார்க்கிற கண் எனக்கு. இதைத் தவறவிடுமா?

யாரோ பிரித்துத் திரும்பப் பின்னியிருக்கிறார்கள்.

மார்ச் 21, வெள்ளி

கேட்டுவிட்டேன். ஒரு நொடி விழித்தார். பிறகு, “பிள்ளைங்க இழுத்துப் பிரிச்சிடுச்சு. பதிவேட்டு அம்மா கட்டிவிட்டாங்க. அதுக்கென்ன இப்போ?” என்றார். பதிவேட்டு அம்மா என்பது பக்கத்து மேசைக்காரி. இதுவரை வீட்டில் அந்தப் பேச்சே வந்ததில்லை. காது மடல் சிவந்திருந்தது.

எதிரே உட்கார்ந்து கட்டினால் சாயாது. அவர் இடப்பக்கத்தில், தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்து கட்டினால் இப்படித்தான் சாயும். இதை நான் ஏன் யோசிக்கிறேன்?

மார்ச் 25, செவ்வாய்

வேண்டுமென்றே ஐந்து கால் பின்னி அனுப்பினேன். மாலையில் ஐந்து காலாகவே வந்தது. என்னுடையதைவிட நன்றாக இருந்தது. இடப்பக்கம் சாய்ந்திருந்தது.

அக்காவிடம் போனில் சொன்னேன். முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். “உன் வீட்டுக்காரருக்கா? அந்த மனுஷன் வாயில விரலை வெச்சாக்கூடக் கடிக்கத் தெரியாதேடி!” அப்புறம் சிரிப்பு நின்றது. “தாடியைத் தொடற அளவுக்கு ஒருத்தின்னா... ஒருதடவை நேர்ல போய்ப் பாரேன்.”

அந்த அரை மணி நேரம் என்னுடையது என்று நினைத்திருந்தேன். அதில் போய் ஒருத்தி கை வைக்கிறாள் என்றால் வயிறு எரியாதா? எரிகிறது.

மார்ச் 28, வெள்ளி

எழுதி முடித்துவிட வேண்டும்.

மதியம் அனுமதி கேட்டுக்கொண்டு நூலகத்துக்குப் போனேன். பதிவேட்டு மேசையில் இருந்த அம்மாளுக்கு ஐம்பத்தைந்து வயதாவது இருக்கும். கால் வீங்கி, செருப்பைக் கழற்றி வைத்திருந்தார். அவர் கண்ணாடியில் இடது லென்ஸ் நடு தள்ளியிருந்தது. அவ்வளவு கோபத்திலும் கழற்றி வாங்கிச் சரிசெய்து கொடுக்கலாமா என்று தோன்றியது. இந்த அம்மாளையா நான் நினைத்து நினைத்து வெந்தேன்?

உள்ளே பிள்ளைகள் பகுதியிலிருந்து ஒரே கைதட்டல். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். குட்டி ஸ்டூலில் இவர் உட்கார்ந்திருந்தார். காலையில் நான் போட்ட பின்னல் பிரிந்து கிடந்தது. தாடியை இடத்தோள் பக்கமாக முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டு, இரண்டு கையாலும் பின்னிக்கொண்டிருந்தார். இரண்டு கையாலும்! பிரிக்குப் பிரி கலர் ரிப்பன் கோத்து, கிடுகிடுவென்று. பிள்ளைகள் “ஆறு! ஏழு!” என்று எண்ணின. வலது கை விரல்கள் ஒவ்வொன்றும் மடங்கின, நிமிர்ந்தன.

பக்கத்தில் வந்து நின்ற பதிவேட்டு அம்மா என்னை யாரோ வாசகி என்று நினைத்துக்கொண்டார். “பத்து நாளா தினமும் மத்தியானம் இந்தக் கூத்துதாங்க. காலையில ஏதோ சுமாரா பின்னிக்கிட்டு வருவாரு. இங்க வந்துதான் ஜோடனையெல்லாம்.”

சுமாரா.

“கை அடிபட்டிருந்ததாமே?” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

“அது எப்பவோ சரியாயிடுச்சே! பிப்ரவரியில புது அலமாரி வந்தப்போ ஒரு பக்கத்தை அவர்தானே தூக்கினாரு. ஆனா ஒண்ணுங்க, சாயங்காலம் கிளம்பும்போது எல்லாத்தையும் பிரிச்சிட்டு, காலையில இருந்த மாதிரியே மறுபடி பின்னிக்குவாரு. அது ஏன்னுதான் தெரியல.”

எனக்குத் தெரியும் அம்மா.

உள்ளே இருந்தவர் என்னைப் பார்ப்பதற்குள் வந்துவிட்டேன். எப்படிக் கடைக்குத் திரும்பினேன் என்று நினைவில்லை. இரண்டு லென்ஸைத் தப்பாகத் தேய்த்துக் கெடுத்தேன். பதினேழு வருடத்தில் முதல் தடவை.

வேறொருத்தி இருந்திருந்தால்கூட ஒரு மாதிரி தாங்கியிருப்பேன். சண்டை போட ஒரு ஆளாவது இருந்திருக்கும்.

மார்ச் 29, சனி

காலையில் அந்த ஆள் வழக்கம்போல் வந்து உட்கார்ந்து மோவாயைத் தூக்கினார். நான் முக்காலியில் உட்காரவில்லை. சீப்பை அவர் வலது கைப்பக்கம் நீட்டினேன். யோசிக்காமல் வாங்கிவிட்டார். விரல்கள் அழகாக மூடிக்கொண்டன. பிறகுதான் இருவரும் அந்தக் கையைப் பார்த்தோம்.

“யாரு சொன்னது?” அதுதான் முதல் வார்த்தை.

“எப்பலேர்ந்து?”

“ஜனவரி கடைசியிலேர்ந்து.”

ஒண்ணும் செய்யறதுக்கில்லை என்று பயிற்சி இடத்தில் சொன்னது பொய். குணமாகிவிட்டது, இனி வர வேண்டாம் என்றுதான் அனுப்பியிருக்கிறார்கள். கை சரியான பிறகும் ஏன் சொல்லவில்லை என்றால், காலையில் நான் அப்படிப் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது நின்றுவிடுமாம். இன்னும் ஒரு வாரம், இன்னும் ஒரு வாரம் என்று தள்ளினாராம். அதற்குள் வேலை பேச்சு வந்துவிட்டதாம்.

“கை சரியாயிடுச்சுன்னு தெரிஞ்சா நீ போயிடுவே. பயமா இருந்துச்சு.”

“போகாதேன்னு வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே?”

“சொல்லியிருந்தா நின்னிருப்பியா?”

தெரியாது. நின்றிருக்கலாம், போயிருக்கலாம். அதைத் தெரிந்துகொள்ளும் வழியையும் சேர்த்தல்லவா அடைத்துவிட்டார்!

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுத மாட்டேன். ஆனால் ஒன்று மட்டும் நெஞ்சைவிட்டுப் போக மாட்டேன் என்கிறது. அன்றைக்கு நான் அழுதபோது, இரண்டு நல்ல கைகளில் இடது கைதான் என்று ஞாபகமாகத் தேர்ந்தெடுத்து என் கண்ணைத் துடைத்திருக்கிறார். அப்போதும் கணக்காக இருந்திருக்கிறார். அடப்பாவி! பொத்தான் நழுவியதே, அதற்கு வீட்டில் ஒத்திகை பார்த்தீங்களா, இல்லை அப்பவே வந்த நடிப்பா? ரெண்டு மாசமா என் தலையில மிளகாய் அரைச்சிட்டு என் மடியிலேயே தாடியை வேற கொண்டுவந்து வெச்சீங்களே.

மார்ச் 31, திங்கள்

பேசவில்லை. அவரே பின்னிக்கொண்டு போனார். நன்றாகவே பின்னுகிறார்.

ஏப்ரல் 2, புதன்

காலையில் கத்தரிக்கோலோடு வந்து நின்றார். “இதனாலதானே எல்லாம். வெட்டிடறேன்.” கண்ணெல்லாம் கலங்கியிருந்தது.

“தாடி என்ன தப்பு பண்ணுச்சு?” என்றேன். “நீங்க வெட்டினா, எனக்காகப் பதினாலு வருஷத் தாடியையே விட்டுக்கொடுத்தார்னு நூலகம் பூரா உச்சுக்கொட்டும். அதையும் நான் சுமக்கணுமா?” கத்தரிக்கோலை வாங்கி டிராயரில் போட்டேன். மனம் கொஞ்சம்கூட இளகவில்லை என்று சொல்ல மாட்டேன். அவர் போன பிறகு நாற்காலிக்கு அடியில் உதிர்ந்து கிடந்த முடியைக் கூட்டினேன். நரை நிறைய விழுந்திருக்கிறது. அத்தனை நாள் அவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்தும் அதைப் பார்க்கவில்லை, எப்படி?

அக்கா “பொண்டாட்டி மேல ஆசையிலதானே செஞ்சாரு, விடேன்” என்கிறாள். ஆசைதான், இல்லையென்று யார் சொன்னது? ஆசை இருந்தால் என் பதினேழு வருடத்தைக் கேட்காமல் எடுத்துக்கொள்ளலாமா?

ஏப்ரல் 7, திங்கள்

மேலாளரிடம் போய் நின்றேன். புதுக் கிளையில் பொறுப்பு போனது போனதுதான். லென்ஸ் தேய்க்க ஒரு ஆள் தேவையாம், ஆறு மாதத்துக்கு. நான் பழக்கிவிட்ட ஃப்ரேம்காரருக்குக் கீழே வேலை.

“உங்களுக்கு ஒரு மாதிரி இருக்காதா?” என்று மேலாளரே தயங்கினார்.

இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும். சரி என்றேன்.

வீட்டில் சொன்னபோது அவர் பெட்டியை மேலிருந்து இறக்கிக் கொடுத்தார், இரண்டு கையாலும்.

ஏப்ரல் 27, ஞாயிறு

வாடகை அறை. இரண்டாம் மாடி, ஒற்றை அடுப்பு, குழாயில் தண்ணீர் நூலாக வருகிறது. முதல் வாரம் ஃப்ரேம்காரர் என்னை எப்படி ஏவுவது என்று தெரியாமல் கையைப் பிசைந்தார். “அக்கா, முடிஞ்சா இதைக் கொஞ்சம்...” என்று இழுப்பார். நேற்று நானே சொன்னேன், “பொறுப்பாளர் மாதிரி பேசுங்க, எனக்கு எரிச்சலா வருது.” இருவரும் சிரித்துவிட்டோம்.

தினம் மாலை வீட்டிலிருந்து அவர் போன் செய்கிறார். சாப்பிட்டாயா, தூங்கினாயா. பதில் சொல்கிறேன். வீட்டில் பல்லி விழுந்ததுவரை சொல்கிறார். அதில் எது உண்மை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கணம் யோசிக்கிறேன். பல்லிக்குக்கூட.

ஜூலை 13, ஞாயிறு

வந்திருந்தார். தாடியை அழகாகப் பின்னியிருந்தார். மதியம் வரை இருந்தார். இரண்டு பேரும் மரியாதையாக நடந்துகொண்டோம்.

அக்டோபர் 17, வெள்ளி

ஆறு மாதம் முடிகிறது. காலையில் மேலாளர் போன் செய்தார். பழைய கடையில் ஒரு இடம் காலியாகிறதாம். “ஒண்ணாம் தேதியிலேர்ந்து வந்துடலாம். வீட்டோட இருக்கலாமே” என்றார்.

ஜன்னல் வழியாகப் பட்டறையைப் பார்த்தேன். மூன்று வேலை பாக்கி இருந்தது, அதில் ஒன்று குழந்தைக்கு. “இல்லை சார், நான் இங்கேயே இருந்துக்கறேன்” என்றேன். “யோசிச்சீங்களா?” என்றார். யோசித்தேன் என்றேன்.

மாலையில் அவர். குரலில் அப்படி ஒரு உற்சாகம். “ஆறு மாசம் முடிஞ்சிடுச்சே, திரும்பி வர்றதுக்குக் கேட்டியா?”

“கேட்டேன். அங்க இடமே இல்லையாம்.”

“அடடா” என்றார். பிறகு, “பரவாயில்லம்மா, நீ மனசைப் போட்டு அலட்டிக்காதே. எப்படியும் ஒரு இடம் வரும்” என்று என்னைத் தேற்றினார்.

என் குரல் கொஞ்சம்கூடத் தடுமாறவில்லை. அவர் அப்படியே நம்பிவிட்டார்.