பின்பக்கம்னு சொல்லித் துடைச்சான்

மார்ச் 3, செவ்வாய்
நாப்பத்தெட்டு வீடும் முடிஞ்சுது. ஆஸ்பத்திரி பஸ்ஸை நிறுத்தினவன் நல்லா இருக்கட்டும். நான் சபிக்கல சாமி, நீயே பார்த்துக்கோ. எந்த வீட்டுல யாருக்கு என்ன சீக்கு, வாரத்துக்கு எத்தனை தடவை ஆஸ்பத்திரி போகணும், எல்லாத்தையும் ஒத்தை விரலால தட்டித் தட்டித் தம்பியோட கம்ப்யூட்டர்ல ஏத்திட்டேன். இருபதாம் தேதி தாள்ல அச்செடுத்து, மறுபடி பஸ் விடச் சொல்லிப் பஸ் ஆபீசுக்குக் கொண்டு போகணும். இப்போ எல்லாம் அந்தக் கறுப்பு பிளாப்பித் தட்டுக்குள்ள இருக்கு. பத்திரமா இருக்கட்டும்னு அது மேல ஒரு சாமி படம் ஒட்டினேன். குறிச்சு வெச்ச துண்டுக் காகிதத்தை எல்லாம் கிழிச்சுப் போட்டாச்சு.

மார்ச் 5
தம்பி கத்தரிக்கோலும் கையுமா உக்காந்திருக்கான். "பிளாப்பியில ஒரு பக்கம் சும்மாத்தானேக்கா கிடக்குது? அந்த ஓரத்துல இருக்கிற மாதிரி இந்த ஓரத்துலயும் ஒரு வெட்டு வெட்டினா, திருப்பிப் போட்டு எழுதலாம்." முன்பக்கம் எனக்கு, பின்பக்கம் அவனோட சதுரங்க ஆட்டத்துக்காம். என்னமோ தலையணையைத் திருப்பிப் போட்டுப் படுக்கிற மாதிரி சொல்றான். புதுசு ஒண்ணு வாங்கினா குறைஞ்சா போயிடுவான்? கஞ்சன்.

மார்ச் 6
போச்சு. எல்லாம் போச்சு.
புதுப் பக்கத்தைக் கம்ப்யூட்டர்ல போட்டு முதல்ல துடைச்சாத்தான் அதுல எழுத முடியுமாம். துடைச்சான். துடைச்சது என் பக்கத்தை! "பின்பக்கம்தான்கா போட்டேன், சத்தியமா"ங்கிறான். சத்தியம் ஒரு கேடா? வாய்க்கு வந்தபடி திட்டினேன். உன் கை விளங்காமப் போகன்னு சொல்லிட்டேன். கூடப் பிறந்தவனைப் பார்த்து. சொன்னது சொன்னதுதான்.

மார்ச் 8
பேச்சு கிடையாது. அவன் பொண்டாட்டிதான் நடுவுல தபால்காரி.
"அண்ணி, அவர் சாப்பிடல."
"பட்டினி கிடந்தா புத்தி வரும்னு போய்ச் சொல்லு."

மார்ச் 9
அவளே பிளாப்பியைக் கொண்டாந்து வெச்சா. "சாமி படத்தை எந்தப் பக்கம் ஒட்டினீங்க அண்ணி?"
காலியா இருந்த பக்கம்தான். முன்னாடி கம்பெனிக்காரன் பேரைப் பெருசா அச்சடிச்சிருக்கானே, எங்கே ஒட்டறது?
"படம் இருக்கிறதுதான் உங்க பக்கம்னு நினைச்சு, மத்த பக்கத்தைத் துடைச்சிருக்காரு."
கோபம் இன்னும் ஏறுது, யார் மேலன்னுதான் தெரியல. அவன் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கை விளங்காமப் போகன்னு சொல்லிச்சே இந்த வாய்— சாமி, அதைக் காதுல வாங்கிக்காதே.

மார்ச் 10
மறுபடியும் முதல் வீட்டுலேர்ந்து. தம்பி நோட்டைத் தூக்கிட்டுப் பின்னாடியே வந்தான். நான் கூப்பிடல. பதினோராவது வீட்டுல, "மூணு தடவைடா, ரெண்டுன்னு எழுதறே"ன்னேன். நாலு நாளைக்கப்புறம் அவன்கிட்ட பேசினது அதுதான்.

மார்ச் 14
முப்பதாவது வீட்டுத் தையல்காரர் போன தடவை வாசல்ல நின்னு அவரே சொன்னாரு, வாரத்துக்கு ரெண்டு தடவைன்னு. இன்னிக்கு அவர் சம்சாரம் வெறும் நெத்தியோட வந்து, இனி வேண்டாம்னு தலையை ஆட்டினா.
நாப்பத்தேழு வீடு.

மார்ச் 20
பஸ் ஆபீசர் கடைசித் தாள் வரைக்கும் படிச்சாரு. வாரத்துக்கு ரெண்டு நாள் பஸ் விடறாராம். "சந்தோஷம்தானேம்மா?"ன்னு வேற கேக்கறாரு. மிச்ச அஞ்சு நாளைக்கு எங்க தெருவுல யாரும் சீக்காகக் கூடாதா?
வீட்டுக்கு வந்து செருப்பைக் கழட்டல, தம்பி கம்ப்யூட்டரைப் போட்டுட்டான். "அடுத்த மனுவைச் சொல்லுக்கா, அடிக்கிறேன். ஆனா திட்டாம சொல்லு."
அப்படின்னா கொஞ்ச நேரம் ஆகும்டான்னேன்.