சூடான பொனட்

இன்று காலை உன் வேனின் பொனட்டில் கை வைத்தேன். உள்ளே இன்ஜின் சூடாக இருந்தது. முற்றத்தில் டீசல் புகையின் வாடை இன்னும் கலையவில்லை. நீ போய் மூன்று மாதம்கூட ஆகவில்லை. உன் வீட்டு வாசலில் நின்றுகொண்டு, யாரை ஏமாற்ற இதைச் சூடாக்கி வைத்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

சந்தேகம் நம் இருவருக்கும் கூடவே பிறந்தது. அதனால்தான் கூட்டாளிகள் ஆனோம் போலிருக்கிறது. யார் பழைய வாகனம் வாங்கினாலும் நம்மைக் கூட்டிப் போவார்கள். விடிந்ததும் சொல்லாமல் கொள்ளாமல் போய் நிற்போம். வண்டியின் சொந்தக்காரரிடம் நான் மழையைப் பற்றிப் பேச்சுக் கொடுப்பேன். நீ சும்மா சாய்வதுபோல் பொனட்டில் கை வைப்பாய். நம் மலைக் குளிரில் தேய்ந்துபோன டீசல் இன்ஜின் காலையில் லேசில் கிளம்பாது. இருமும், வெள்ளைப் புகை கக்கும். அதை மறைக்கத்தான் ஆள் வருமுன்பே ஓடவிட்டுச் சூடாக்கி வைப்பார்கள். நாம் வருவது எப்படியோ தெரிந்துபோன வட்டவளை ஊர்க்காரர் ஒருவர், "வெயில் பட்டிருக்கும் தம்பி" என்றாரே, அன்று விடாத தூறல். நீ முகத்தில் சிரிப்பே இல்லாமல், "ஆமாங்க, கடும் வெயிலுதான்" என்றாய். அவர் கொடுத்த தேத்தண்ணியையும் குடித்துவிட்டு வந்தாய்.

எனக்கும் ஒரு டீசல் வேன் வேண்டும் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! ஒவ்வொரு தடவையும் தடுத்தாய்.

"ஒனக்கு எதுக்குடா டீசலு? மகளப் பள்ளிக்கூடத்துல விட்டுட்டுக் கடையத் தொறக்கப் போற. இன்ஜின் சூடாகுறதுக்குள்ள எறங்கிருவ. கரி அடைச்சு ஒர்க்சாப்புலதான் நிக்கும். பெட்ரோல் காரு வாங்கு. சாவியத் திருப்புனா போயிரும்."

"நீ மட்டும் டீசல் ஓட்டலாமா?"

"நான் ஆளேத்திக்கிட்டு மலையடிவாரத்துக்கு, நல்லதண்ணிக்கு ஓடுறேன்டா. ஏத்தத்துல இழுக்கணும், எண்ணெயும் கம்மியாக் குடிக்கணும்."

நீ சொன்னது நியாயம்தான். அந்த நியாயம்தான் எனக்கு உறுத்தியது. மலை ஏறிக் கும்பிடப் போகிறவர்கள் நல்லதண்ணியில் குவியும் சீசனில் நானும் போட்டிக்கு வந்துவிடுவேன் என்று பயப்படுகிறாய் என நினைத்தேன். இப்போதும் பாதி அப்படித்தான் நினைக்கிறேன்.

உன் மனைவி வேனை விற்கப் போகிறாள் என்று கேள்விப்பட்டதும் மனது கேட்கவில்லை. எவனாவது அவளை ஏய்த்துவிடுவான், நானே வாங்கிக்கொள்கிறேன் என்று கிளம்பி வந்தேன். வந்தால், பொனட் சூடு. உன் வீட்டிலுமா என்று சுருக்கென்றது.

"யாரு தங்கச்சி ஸ்டார்ட் பண்ணுனது?"

"நான்தாண்ணே. தெனமும் விடியங்காட்டி ஓடவிட்டுருவேன். ஆஸ்பத்திரியில இருக்கையில ஒங்க கூட்டாளிதான் சொன்னாங்க. 'நான் போயிட்டா அவன் பாவம் பாத்து வேன வாங்க வருவான். அவன் ஓட்டத்துக்கு அது ஆகாது. வேணாம்னு சொன்னாக் கேக்க மாட்டான். நீ பொனட்டச் சூடாக்கி வையி, தொட்டுப் பாத்துட்டு ஓடிருவான்'னு."

சொல்லும்போதே சிரித்தாள். பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். உன் மனைவிக்கு எதையும் மறைக்கத் தெரியாது.

"நல்லதண்ணிக்கு ஓடுற ஒருத்தருக்குக் குடுக்கச் சொல்லிட்டுத்தாண்ணே போனாங்க" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. சாகக் கிடக்கும்போதும் எனக்கு எந்த வண்டி ஆகும் என்று யோசித்துக்கொண்டா இருந்தாய்? அந்த நல்லதண்ணி ஆள் எப்படிப்பட்டவர் என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டேன். அதையும் நீ எதிர்பார்த்திருப்பாய்.

ஞாயிற்றுக்கிழமை கொட்டகலையில் ஒரு பெட்ரோல் கார் பார்க்கப் போகிறேன். சொல்லாமல்தான் போவேன். மழையைப் பற்றிப் பேச்சுக் கொடுக்க நான் இருக்கிறேன். பொனட்டில் கை வைக்க நீ இல்லையேடா.