இடப்பக்கம் உங்களுடையது

அக்கா,

இன்று காலை புது நோட்டைப் பிரித்தேன். தாளின் வாசனை வந்ததும் உங்களுக்குக் காட்ட வேண்டும் என்று கூப்பிட வாயெடுத்துவிட்டேன். அடுப்படியில் நான் மட்டும்தான் நிற்கிறேன் என்பது பிறகுதான் உறைத்தது. இத்தனை மாதம் ஆகியும் இந்தப் பாழாய்ப்போன வாய்க்குப் புத்தி வரவில்லை.

ஒரே மாமிக்கு மருமகள்களாக இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர்கள் நாம். நீங்கள் மூத்தவர். கீழே பிரியாணி ஆர்டருக்கான அடுப்பு, மேலே குடித்தனம். இரண்டுக்கும் நடுவே படியேறி இறங்கியே ஓய்ந்துபோவோம். அப்போதுதான் அன்றாட வேலைகளை நோட்டில் குறித்து வைப்பது பற்றிச் செல்போனில் ஒரு வீடியோவைக் காட்டினீர்கள். செய்யவேண்டிய வேலைக்கு ஒரு புள்ளி. முடிந்தால் அதன்மேல் பெருக்கல் குறி. முடியாவிட்டால் அம்பு போட்டு அடுத்த நாளுக்குத் தள்ள வேண்டும். "மண்டைக்குள்ள சுமந்துக்கிட்டு அலையுறதைத் தாள்ல இறக்கி வச்சிரலாம்டி" என்றீர்கள்.

பேருந்து நிலையத்துப் பக்கம் ஒரு கடையில் புள்ளி போட்ட நோட்டு கேட்டோம். புர்காவோடு நின்ற நம் இருவரையும் கடைக்காரர் ஏற இறங்கப் பார்த்தார். "கோலம் பழகவாம்மா?" என்றார். நான் நெளிந்தேன். நீங்களோ, "ஆமாண்ணே, மார்கழி வருதுல்ல" என்று வாங்கிக்கொண்டு ரத வீதி திரும்பும்வரை சிரித்தீர்கள்.

இடப்பக்கம் உங்களுக்கு, வலப்பக்கம் எனக்கு என்று பிரித்துக்கொண்டோம். முதல் நாள் எழுதிப் பார்த்ததுமே எனக்குத் திக்கென்றது. குழாய்த் தண்ணீர், மாமிக்கு மாத்திரை, பூண்டு உரிப்பது, பிள்ளைகளின் டிபன் டப்பா. ஒன்றுகூட எனக்கென்று இல்லை. நீங்கள் பேனாவைப் பிடுங்கி என் பக்கத்தின் அடியில் 'கம்ப்யூட்டர் கிளாஸ்' என்று எழுதினீர்கள். பி.காம். படித்துவிட்டு வெங்காயம் உரிக்கிறேனே என்று நான் என்றோ அழுததை மனதில் வைத்திருந்திருக்கிறீர்கள். "சாயங்காலம் செத்த நேரம்தானே. நீ போயிட்டு வா, இங்க நான் பாத்துக்கிறேன்" என்றீர்கள். கேட்டுக்கொண்டிருந்த மாமி முணுமுணுத்தார். "புள்ள படிச்சா நம்ம கடைக் கணக்கைத்தானே பாக்கப் போறா?" என்று ஒரே போடாகப் போட்டீர்கள்.

வகுப்பில் சேர வேண்டிய வாரத்தில்தான் நெஞ்சு வலிக்கிறது என்று ஆட்டோவில் ஏறினீர்கள். ஆட்டோ மட்டும் திரும்பி வந்தது.

நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதி முடித்த மறுநாள் மாமி என்னைக் கூப்பிட்டு, "மூத்தவ செஞ்சதெல்லாம் இனி நீதான் பாக்கணும்" என்றார். சொல்லும்போதே அழுதுவிட்டார். இந்த வீட்டில் யாரும் கெட்டவர்கள் இல்லை, அக்கா, அதுதான் கொடுமை. மசாலா அரைப்பதும் உங்கள் பிள்ளைகளுக்குச் சோறூட்டுவதும் ஒவ்வொன்றாக வலப்பக்கம் வந்து சேர்ந்தன. இடம் போதாமல் என் எழுத்து நுணுகிக்கொண்டே போனது. ஒவ்வொரு நாளையும் நம் கைக்குள் கொண்டுவரலாம் என்று ஆரம்பித்த நோட்டு, இப்போது திறந்தாலே மூச்சு முட்டுகிறது. வகுப்புக்கு மட்டும் தினமும் அம்பு.

புது நோட்டை வாங்கி வந்தவர் என் வீட்டுக்காரர்தான். வரும் திங்கட்கிழமை அடுத்த வகுப்பு தொடங்குகிறது. இன்று மதியம் அவர் சாப்பிட்டு முடித்ததும் பக்கத்தைக் காட்டி, "இந்த நாலு வேலையை நீங்க பாத்துக்கிட்டா நான் சாயங்காலம் போயிட்டு வந்துருவேன்" என்றேன். பொறுமையாகப் படித்தார். "கல்யாண சீசன் நடக்குதுல்ல. இது முடியட்டும், அடுத்த மாசம் பாப்போம்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். அம்பு போட அவருக்கு எந்த வீடியோவும் தேவைப்படவில்லை.

தலையாட்டிவிட்டு மாடிக்கு வந்துவிட்டேன். வந்தபின் கோபம் வந்தது. அவர்மேல் கொஞ்சம், என்மேல் கொஞ்சம், பாதியில் விட்டுப்போன உங்கள்மேல் நிறைய. நீங்கள் இருந்தவரை எனக்குச் சண்டை போட்டுப் பழக்கமே இல்லை. என் பங்குக்கும் சேர்த்து நீங்களே போட்டீர்கள். உங்கள் வேலை அத்தனையையும் இந்த வீடு என் தலையில் கட்டியது. எனக்காகச் சண்டை போடுகிற வேலையை மட்டும் யாரும் என்னிடம் கொடுக்கவில்லை.

கேட்காமலே அதை எடுத்துக்கொண்டேன், அக்கா. இந்தத் திங்கட்கிழமை வகுப்புக்கு அம்பு கிடையாது என்று அவரிடம் சொல்ல வேண்டும். கீழே இறங்கப் போகிறேன்.