சிவப்புக் கோடு வரை எண்ணெய்

அன்புள்ள முதலாளியம்மாவுக்கு,

பொறுப்பு முதலாளி எழுதுவது. வீட்டில் அனைவரும் நலம். அனைவரும் என்றால் நான் ஒருவன்தான். சோப்புக்கு மட்டும் உடம்பு சரியில்லை.

போனில் சொல்லக்கூடாதா, கடிதம் எதற்கு என்பாய். நீ போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வேலை பார்க்கிறாய். போன வாரம் நான் சொன்ன ஒரு வேடிக்கைக்கு நீ சிரிப்பதற்கு முன்பே வேறொருவர் சிரித்துவிட்டார். நல்ல கனமான குரல். கடிதத்துக்கு ஸ்பீக்கர் கிடையாது என்பதால் இந்த ஏற்பாடு.

முதலில் வியாபாரம். நீ சோப்புத் தொழிற்சாலைக்குப் பயிற்சிக்குப் போன பிறகு, வீட்டில் நான் தனியாகப் போட்ட சோப்பு, அச்சிலிருந்து எடுத்துக் கத்தியை வைத்ததும் பழைய சுவரில் காரை உதிர்வதுபோல் உதிர்ந்தது. மேலே வெள்ளையாகப் பொடி பூத்திருந்தது. உன்னிடம் சொன்னேன். நீ உங்கள் தொழிற்சாலை கெமிஸ்டைக் கேட்டுச் சொன்னாய். எண்ணெயில் சூடு போதவில்லையாம். அடுத்த தடவை சூடாக்கினேன். அதுவும் உதிர்ந்தது. கலக்கியது போதவில்லை என்றார். தோள்பட்டை கழன்று வரும்வரை கலக்கினேன். பழையபடி உதிர்ந்தது. உடனே அவர், ஒரு துண்டை நாக்கு நுனியில் வைத்துப் பார்க்கட்டும், சுரீரென்றால் காஸ்டிக் சோடா மிச்சம் நிற்கிறது என்று சொல்லியனுப்பினார். வைத்தேன். சுரீரென்றது. இரண்டு நாள் காபிக்கும் வெந்நீருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அத்தனை தொலைவிலிருந்து ஒரு மனிதனின் நாக்கைச் சுட முடிகிறதே, விஞ்ஞானம் எங்கேயோ போய்விட்டது.

வாடிக்கையாளர்கள் பொறுமைசாலிகள் என்று சொல்ல மாட்டேன். கீழே சலூன் வைத்திருப்பவர் மாடிப்படியில் மறித்து, "சார், உங்க சோப்பப் போட்டா தாடிக்கு முன்னாடி தோல் வந்துடுது. அம்மா எப்ப சார் வராங்க?" என்று கேட்டார். என் அக்கா போன் செய்து, "ஏன்டா, அவ போட்டா நுரை வருது, நீ போட்டா கண்ணீருல்ல வருது" என்றாள். அதற்குப் பிறகு அவள் இன்னொன்றும் கேட்டாள். அது சோப்பைப் பற்றியது அல்ல என்பதால் இங்கே எழுதவில்லை.

கெமிஸ்டைப் பற்றி ஒரு வார்த்தை. எனக்கு அவர்மேல் எந்த வருத்தமும் கிடையாது. நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். ஒரு சொல் எத்தனை முறை வருகிறது, எப்போது மாறுகிறது என்பது என்னை அறியாமலே கண்ணில் படும். முதல் மாதம் உன் பேச்சில் அவர் 'கெமிஸ்ட் சார்'. பிறகு வெறும் 'கெமிஸ்ட்'. இப்போது 'அவர்'. இந்த வீட்டில் இதுவரை 'அவர்' என்றால் நான்தான். அவருக்குச் சர்க்கரை ஆகாது, இடது கைப் பழக்கம், சீழ்க்கையடித்துக்கொண்டே வேலை பார்ப்பார் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். பதிலுக்கு என்னைப் பற்றி அவருக்கு என்ன தெரியும் என்று யோசித்துப் பார்த்தேன். நாக்கு இருப்பது தெரியும்.

கடைசியாக, சோடாவைக் குறைக்கச் சொன்னார். இங்கேதான் எனக்குச் சந்தேகம் வந்தது. நம் முள் தராசு எந்தக் காலத்திலும் பூஜ்யத்தில் நின்றதில்லை, ஆகவே நீ அதன் முகத்தில் உன் நகப்பூச்சால் கோடு போட்டு வைத்திருக்கிறாய். ரோஸ் கோடு வரை சோடா, சிவப்புக் கோடு வரை எண்ணெய். சோடா வழக்கமான அதே கண்ணாடிச் சாடியில், ரோஸ் கோட்டில் பிசகாமல்தான் நின்றது. அப்படியானால் எண்ணெய்? எண்ணெய் அளக்கிற பாத்திரத்தை வெறுமனே தூக்கித் தராசில் வைத்தேன். ஒரு சொட்டு எண்ணெய் ஊற்றுவதற்குள் முள் சிவப்புக் கோட்டை நோக்கிப் பாதி வழி போய்விட்டது. உன் கோடு எண்ணெய்க்கு மட்டும் போட்டதல்ல, எண்ணெயும் உன் மெல்லிய எவர்சில்வர் பாத்திரமும் சேர்ந்த எடைக்குப் போட்டது! நான் எடுத்து வைத்திருந்ததோ கைக்கு முதலில் அகப்பட்ட அடிகனமான பாத்திரம். பாத்திரம் கனக்கக் கனக்க எண்ணெய் குறையும், சோடா மிஞ்சும்.

உதிர்ந்ததையெல்லாம் சீவி, உருக்கி, குறைந்துபோன அளவு எண்ணெயைச் சேர்த்துக் கிளறி மறுபடி அச்சில் ஊற்றினேன். வெண்ணெய்போல் வெட்ட வந்தது. சலூன்காரர் நேற்று என்னைப் பார்த்து, வாரக்கணக்கில் காணாத ஒரு புன்னகையைக் காட்டினார். படித்த கெமிஸ்டுக்கு எட்டாதது எனக்கு எட்டியது என்று சமையலறையில் தனியாக நின்று கொஞ்ச நேரம் சீழ்க்கையடித்தேன். எனக்கு அது சரியாக வராது.

பிறகுதான் அந்த மெல்லிய பாத்திரத்தைத் தேடினேன். மேல் அலமாரி, கட்டிலடி, துணி மூட்டை, ஓரிடத்திலும் இல்லை. உன்னோடு போயிருக்கிறது.

அதில் நீ வேறெதுவும் சமைத்ததில்லை. சோடா பட்டது என்று என்னைத் தொடக்கூட விட்டதில்லை. ஆறு மாதத்தில் திரும்பி வர நினைத்துப் பயிற்சிக்குப் போகிறவர்கள் துணி எடுத்துப்போவார்கள், தலையணை எடுத்துப்போகிறவர்களும் உண்டு. பாத்திரத்துக்குப் பஞ்சமில்லாத ஒரு சோப்புத் தொழிற்சாலைக்குச் சோப்புப் பாத்திரத்தை எடுத்துப்போனவளை நான் கேள்விப்பட்டதில்லை. இதற்கும் கெமிஸ்டைத்தான் காரணம் சொல்லலாம் என்று பார்த்தேன். ஆனால் பெட்டி கட்டிய அன்று உனக்கு அவரைத் தெரியாது. அவர் மேல் பழி போட வழியில்லாமல் போனதுதான், முதலாளியம்மா, இந்த விவகாரத்திலேயே எனக்குத் தாங்க முடியாத பகுதி.

பயிற்சி முடிந்ததும் அங்கேயே வேலை தருகிறார்கள், இன்னும் ஒரு வருஷம் இருந்துவிட்டு வரட்டுமா என்று கேட்டிருக்கிறாய். பெருந்தன்மையான கணவர்கள் சொல்வதையே நானும் சொல்கிறேன்: உன் இஷ்டம். அந்த இரண்டு வார்த்தையை எழுத ஒரு மாலைப்பொழுது ஆயிற்று என்பதை மட்டும் கவனத்தில் வைத்துக்கொள்.

சோடா கரைக்கும்போது ஜன்னலைத் திறந்து வை. ஆவி நெஞ்சுக்கு ஆகாது. வேளைக்குச் சாப்பிடு. நன்றாக இரு.

இன்னொன்று. கடிதத்தைப் படித்ததும் உன் நல்ல மனசுக்கு முதலில் தோன்றுவது எனக்குத் தெரியும். அதைச் செய்யாதே. கணக்கு பிடிபட்டுவிட்டதால், எந்தப் பாத்திரத்திலும் இப்போது எனக்குச் சோப்பு வருகிறது. அந்தப் பாத்திரத்தைப் பார்சலில் மட்டும் அனுப்பிவிடாதே. பார்சல்காரர்கள் நசுக்கிவிடுவார்கள். அதைக் கையோடுதான் கொண்டுவர வேண்டும்.

உன் கணவன்