அம்மா கையை வரையறது

மாமா,

முதல் பஸ்ஸுக்கே சிதம்பரம் கிளம்பிட்டேன். ஆஸ்பத்திரியில அம்மாவுக்கு இன்னைக்கு மறுபடியும் ஸ்கேன். செம்மங்குப்பம் கம்பெனி ஷிப்ட் முடிஞ்சு வந்ததும் காரக்குழம்ப சூடு பண்ணி சாப்பிடுங்க. வெளிய போனா சாவிய எதிர்வீட்டு பிரீதாகிட்ட குடுங்க, கேஸ்காரரு வருவாரு.

நேத்து, "அத்தை படுத்த படுக்கையா கெடக்குறாங்க, உனக்குப் படம் வரையறது கேக்குதா"ன்னு கேட்டீங்க. வரையலைன்னா நான் அவுங்கள பாக்கறதே இல்ல மாமா. போனையே பாத்துட்டு உக்காந்துடறேன். கைய வரையணும்னா கைய பாத்துத்தானே ஆவணும்?

ஆன்லைன் டிராயிங் கிளாஸ் மிஸ் தினம் ஒரு கை வரைஞ்சு அனுப்பச் சொன்னாங்க. போன வாரம், "கோடு நல்லா வருது செல்வி. ஆனா விரலுக்கு இன்னும் சதை குடுங்க, இவ்ளோ மெலிசா இருக்காது"ன்னு திருத்தி அனுப்பினாங்க. நான் பாத்தத தான் வரைஞ்சேன்னு அவுங்ககிட்ட சொல்லல. சொன்னபடியே திருத்திப் போட்டேன். படத்துல அம்மா கை, நோவுக்கு முன்ன இருந்த மாதிரி ஆயிடுச்சு. ரொம்ப நேரம் அழுதேன்.

ஞாயித்துக்கிழம நீங்களும் வாங்க. கோவத்தோட வந்தாலும் பரவால்ல.

செல்வி

பால இன்னும் காய்ச்சல, பாத்துக்குங்க.

அடுத்த பாடம் முகமாம். மிஸ் ரெண்டு தரம் கேட்டுட்டாங்க. நான் இன்னும் கையே சரியா வரலன்னு சொல்லிட்டு இருக்கேன்.